விளையாட்டுப் பெட்டியின் வர்க்க வரலாறு

விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. பல்லாங்குழிப் பலகையைக் கடைந்த தச்சனோ, கிட்டிப்புள்ளுக்குக் கிளையை வெட்டிய சிறுவனோ அவ்விளையாட்டுகளுக்கு உரிமை கொண்டாடியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து முற்றத்திலே பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றில் கருவியைச் செய்தவனும் அதனைக் கொண்டு ஆடியவனும் ஒருவனாகவே இருந்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறியது. செய்யும் கைகள் ஒரு நாட்டிலும், ஆடும் கைகள் இன்னொரு நாட்டிலும், ஆதாயத்தை எண்ணும் கைகள் மூன்றாவதொரு நாட்டிலும் இருக்கும்படியான ஒரு விளையாட்டுக் கருவி தோன்றியது. தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடப்படும் அந்த மின்னணுப் பெட்டியை நம் மக்கள் 'டீவி கேம்' என்று அழைத்தனர்.

மாத்தளை மாவட்டத்திலே ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இக்கருவியைப் பற்றி இரண்டு கருத்துகளே பெரும்பாலும் நம் காதில் விழுகின்றன. அது பிள்ளைகளின் நேரத்தையும் கண்ணையும் கெடுக்கும் பேய் என்பது ஒன்று. அது விஞ்ஞானத்தின் விந்தை, அதனோடு பழகினாலே பிள்ளைக்குக் கணினி அறிவு வந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் கருவியை மட்டுமே காண்கின்றன. அதனை ஆக்கிய சமுதாய உறவுகளைக் காணத் தவறுகின்றன. யார் கண்டுபிடித்தார்கள், யார் உழைத்தார்கள், யார் பூட்டினார்கள், யார் பூட்டைத் திறந்தார்கள், இறுதியில் நம் கைக்கு வந்து சேர்ந்தது என்ன என்ற வினாக்களை எழுப்பினாலன்றி நாம் வழங்கும் தீர்ப்பு அரைத்தீர்ப்பாகவே இருக்கும்.

வீட்டு விளையாட்டுப் பெட்டியின் தந்தை எனப் போற்றப்படுபவர் ரால்ஃப் பேயர். 1922ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவை அடைந்தார். 1966ஆம் ஆண்டில், இராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்து கொடுத்த சாண்டர்ஸ் அசோசியேற்ஸ் என்னும் கம்பனியில் பொறியியலாளராக இருந்தபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. கோடிக்கணக்கான வீடுகளிலே தொலைக்காட்சி இருக்கிறது. மக்கள் அதன் முன் வாளாவிருந்து பார்க்கிறார்கள். அவர்களே அத்திரையை இயக்க வழி செய்தால் என்ன? பில் ஹரிசன், பில் றஷ் என்னும் சக தொழில்நுட்பவியலாளரின் துணையோடு அவர் அமைத்த பெட்டி, 1972ஆம் ஆண்டில் மக்னவொக்ஸ் கம்பனியால் 'ஒடிசி' என்ற பெயரில் விற்பனைக்கு விடப்பட்டது. அதே ஆண்டில் அட்டாரி என்னும் புதிய கம்பனி 'பொங்' என்ற நாணய விளையாட்டை வெளியிட்டது. அட்டாரியின் நிறுவனர் நோலன் புஷ்னெல் அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒடிசியின் காட்சியொன்றைப் பார்வையிட்டிருந்தார் என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது. 1976இல் அட்டாரி பணம் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. தொழில் பிறந்த அன்றே ஆக்கவுரிமை வழக்கும் பிறந்துவிட்டது.

தொடக்ககாலப் பெட்டிகளில் உள்ளே அமைத்த ஆட்டங்களையே ஆடலாம். 1976ஆம் ஆண்டில் பெயார்சைல்ட் கம்பனி வெளியிட்ட 'சனல் எஃப்' என்னும் பெட்டி இதனை மாற்றியது. ஆட்டங்களைத் தனித்தனிக் கசெட்டுகளாக்கி, வேண்டியதைச் செருகி ஆடலாம் என்ற முறை அதனோடு வந்தது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளர். அக்காலத்து அமெரிக்க மின்னணுத் தொழிலில் கறுப்பினத்தார் மிக அரியர். அவருடைய பெயர் பல்லாண்டுகள் பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது. கசெட்டினால் விளைந்த பொருளாதார மாற்றமோ பெரிது. பெட்டியை ஒருமுறை விற்றவன் கசெட்டுகளை ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டே இருக்கலாம் என்றாயிற்று.

இப்பெட்டிகளின் உயிர்நாடி சில்லு எனப்படும் நுண்மின்சுற்று. அச்சில்லை இணைத்த கைகள் யாருடையவை? இதே பெயார்சைல்ட் கம்பனி 1965ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து ஷிப்றொக் என்ற இடத்தில், நவஹோப் பழங்குடியினரின் நிலத்தில், தொழிற்சாலையொன்றைத் தொடங்கியது. உச்ச நிலையில் அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். மிகப் பெரும்பாலோர் நவஹோப் பெண்கள். அவர்கள் வழிவழியாக நெய்துவந்த கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டுக் கம்பனி விளம்பரம் செய்தது. நெய்தலில் தேர்ந்த மெல்விரல்கள் இவ்வேலைக்கென்றே படைக்கப்பட்டவையாம்! ஆட்குறைப்பைத் தொடர்ந்து 1975 பெப்ரவரியில் அமெரிக்க இந்தியர் இயக்கத்தார் அத்தொழிற்சாலையைக் கைப்பற்றியபோது, கம்பனி அதனை நிரந்தரமாகவே மூடிவிட்டு வெளியேறியது.

இந்த 'மெல்விரல்' வாதம் நமக்குப் புதிதன்று. கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்ணின் விரல்களே ஏற்றவை என்று தோட்டத்துத் துரைமார் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தனர். 1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது அங்கு வந்த ஆலைகளும் இளம் பெண்களையே தேடின. கைத்திறன் இயற்கையின் கொடை என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனிக்கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? கம்பளத்தையும் கொழுந்தையும் சில்லையும் ஒரே நூலிற் கோக்கும் வாதம் இது.

சில்லை இணைத்தவரின் நிலை இதுவாயின், ஆட்டங்களை எழுதிய நிரலாளரின் நிலையும் சிறந்ததாக இல்லை. 1976இல் அட்டாரியை வோர்ணர் என்னும் பெருங்கம்பனி விலைக்கு வாங்கியது. 1977இல் அட்டாரி வெளியிட்ட பெட்டி அமெரிக்க வீடுகளை நிறைத்தது. ஆயினும் ஆட்டத்தை எழுதியவரின் பெயரைக் கசெட்டின் உறையில் அச்சிட அக்கம்பனி மறுத்தது. விற்பனையிற் பங்கும் கொடுக்கவில்லை. வொரன் றொபினெற் என்ற நிரலாளர் தாம் எழுதிய ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். கோயிற் சிற்பி தூணின் மறைவிலே தன் உருவைச் செதுக்கிய செயலோடு இதனை ஒப்பிடலாம். வேறு நால்வர் வெளியேறி 1979இல் 'அக்டிவிஷன்' என்னும் நிறுவனத்தை அமைத்து, எழுதியவர் பெயரை உறையில் அச்சிட்டனர்.

பின்னர் வந்தது மிகையுற்பத்தி நெருக்கடி. ஆளுக்கொரு கம்பனி தொடங்கி, ஆராயாமல் கசெட்டுகளை அச்சிட்டுக் குவித்தன. 1983ஆம் ஆண்டில் அட்டாரியின் நட்டம் 50 கோடி டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு பெப்ரவரியில் அக்கம்பனி கலிபோர்ணியாவில் 1,700 தொழிலாளரை வேலை நீக்கி, உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. செப்டெம்பரில் விற்காத கசெட்டுகளை லொறி லொறியாக ஏற்றிச் சென்று நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ என்ற ஊரிற் புதைத்தது. 2014 ஏப்ரலில் அக்குழியைத் தோண்டியபோது கசெட்டுகள் வெளிவந்தன. விலை வீழும்போது விளைச்சலை அழிக்கும் முதலாளித்துவத்தின் பழைய வழக்கம், மின்னணு யுகத்திலும் மாறவில்லை.

* * *

அமெரிக்கா குழி வெட்டிய அதே ஆண்டில் யப்பானில் வேறொரு பெட்டி பிறந்தது. 1889ஆம் ஆண்டில் கியோட்டோ நகரிலே பூக்கள் வரைந்த சீட்டுக்கட்டுகளைச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ, 1983 யூலை 15ஆம் திகதி 'ஃபமிக்கொம்' என்ற பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. 'குடும்பக் கணினி' என்பது அதன் முழுப்பெயரின் பொருள். அதனை வடிவமைத்த குழுவின் தலைவர் மசயுக்கி உவெமுரா.

நெருங்கி ஆராய்ந்தால் இப்பெட்டியும் பலர் உழைப்பின் கூட்டு என்பது புலனாகும். அதன் மூளையாகிய சில்லு, 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொஸ் டெக்னொலொஜி கம்பனி 25 டொலருக்கு விற்ற 6502 என்னும் சில்லின் வழித்தோன்றல். போட்டியாளரின் சில்லுகள் அதைப்போற் பலமடங்கு விலை விற்ற காலம் அது. யப்பானின் ரிக்கோ கம்பனி அச்சில்லை அடிப்படையாக எடுத்து, அதில் ஆக்கவுரிமைக்குட்பட்ட பதின்மக் கணக்குப் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்து, ஒலி எழுப்பும் பகுதியைச் சேர்த்தது. முப்பது இலட்சம் சில்லுகள் வாங்குவதாக நின்டெண்டோ உறுதி கூறியதனால் விலையும் குறைந்தது. பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட். இன்றைய மலிவான கைத்தொலைபேசியின் பக்கத்தில் அது ஒரு துளியும் ஆகாது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் 'சுப்பர் மரியோ' போன்ற ஆட்டங்களை அடக்கிய அறிவும் உழைப்பும் பாராட்டத்தக்கவை என்பதை நாம் மறுக்க மாட்டோம்.

பொதுவான அறிவிலிருந்து பிறந்த இப்பெட்டிக்கு நின்டெண்டோ ஒரு பூட்டைப் போட்டது. 1985இல் அமெரிக்காவில் இறக்கிய பெட்டியிலும் கசெட்டுகளிலும் தனியொரு காவற்சில்லு அமைக்கப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டாலன்றி ஆட்டம் தொடங்காது. கசெட்டுகளை நின்டெண்டோவே செய்து கொடுக்கும். ஆட்டங்களை எழுதும் கம்பனிகள் முன்பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது. அவற்றை ஈராண்டு வரை வேறு பெட்டிகளுக்கு எழுதிக் கொடுக்கலாகாது. விளைவிப்பவன் தன் விளைச்சலை ஒரே களஞ்சியத்துக்கே கொடுக்க வேண்டும் என்ற பண்ணை நியாயம்தான் இது. இத்தகைய ஏற்பாட்டின் துணையோடு அப்பெட்டி உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்றது. அதில் யப்பானுக்கு 1 கோடியே 93 இலட்சம். அமெரிக்கக் கண்டத்துக்கு 3 கோடியே 40 இலட்சம். ஐரோப்பா உட்பட எஞ்சிய உலகம் முழுவதற்கும் 85 இலட்சம் மட்டுமே.

அந்த எஞ்சிய உலகத்திலேதான் நாம் வாழ்கிறோம்.

* * *

ஃபமிக்கொம் வெளியான 1983 யூலையை நம் மாவட்டம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. டோக்கியோக் கடைகளில் அப்பெட்டி அடுக்கப்பட்டுப் பத்து நாட்களாகும் வேளையில், மாத்தளை நகரிலே தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. எனினும், ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு அந்த யூலை எதைக் கொடுத்தது, இன்னொரு நாட்டின் பிள்ளைகளிடமிருந்து எதைப் பறித்தது என்று வரலாற்று மாணவன் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பது தகும்.

பெட்டி நம்மிடம் வர முதலில் திரை வர வேண்டும். 1977இல் இறக்குமதிக் கதவுகள் அகலத் திறக்கப்பட்டன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் யப்பானின் உதவியோடு ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்கிலே பணிப்பெண்களாக உழைத்த நம் தாய்மாரும் சகோதரிகளும் திரும்பும்போது வானொலி, தொலைக்காட்சி முதலிய பொருள்களைச் சுமந்து வந்தனர். ஆனால் திரைக்கு முன்னர் மின்சாரம் வேண்டும். 1880ஆம் ஆண்டிலேயே புகைவண்டியை மாத்தளைக்குக் கொண்டுவந்து கோப்பியை இறக்கிச் சென்ற முதலாளித்துவம், அக்கோப்பிக்காகக் காடு வெட்டியவர்களின் சந்ததியார் வாழும் லயங்களுக்கு மின்கம்பியைக் கொண்டுவர நூறாண்டு கடந்தும் அவசரப்படவில்லை. கார் பற்றரியைச் சுமந்து சென்று மின்னேற்றி வந்து, வாரத்துக்குச் சில மணி நேரம் தொலைக்காட்சி பார்த்த வீடுகள் நம் நாட்டுக் கிராமங்களிற் பல. பொருளின் வரவு எல்லோருக்கும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. அது வர்க்கத்தின் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகவே இறங்குகிறது.

அந்தப் படிக்கட்டின் அடிப்பகுதிக்கு நின்டெண்டோவின் பெட்டி வரவேயில்லை. வந்தது அதன் நகல். தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் இருந்த தொழிற்சாலைகள் ஃபமிக்கொமின் பல சில்லுகளை ஒரே சில்லாகச் சுருக்கி, அதன்மேற் கறுப்புப் பிசின் துளியொன்றை இட்டு, மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உலகெங்கும் அனுப்பின. சோவியத் யூனியன் சிதைந்த பின் 1992இல் ருஷ்யாவில் 'டென்டி' என்றும், போலந்தில் 'பெகசஸ்' என்றும், இந்தியாவில் 'சமுராய்' என்றும் ஃபமிக்கொமின் வழிவந்த பெட்டிகள் பெயர் பெற்றன. இலங்கைச் சந்தைக்கும் இத்தகைய நகற்பெட்டிகள் பல பெயர்களில் வந்தன. ஒரே கசெட்டில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் உள்ளன என்று உறையில் அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் சில ஆட்டங்களே மீண்டும் மீண்டும் எண்ணிடப்பட்டிருக்கும்.

இதனைத் திருட்டு என்று கம்பனிகள் கூறும். சட்டத்தின் மொழியில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒடிசியைப் பார்த்தவர் பொங்கை வெளியிட்டார். 6502ஐத் திறந்து பார்த்தவர் ஃபமிக்கொமின் சில்லைச் செய்தார். முந்தியவனின் அறிவை எடுத்தாள்வது இத்தொழிலின் தொடக்கம் முதலே இருந்துவந்த வழக்கம். எடுத்தாண்ட பணக்காரனின் செயல் முன்னேற்றம் என்றும், எடுத்தாண்ட ஏழையின் செயல் திருட்டு என்றும் பெயர் பெறுவதுதான் கவனிக்கத்தக்கது. நகற்பெட்டி இல்லாதிருந்தால் மூன்றாம் உலகத்தின் கோடிக்கணக்கான பிள்ளைகள் இவ்விளையாட்டைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சிங்களமும் தமிழும் பேசும் பிள்ளைகள் தனித்தனிப் பாடசாலைகளிலே தனித்தனி மொழிகளிற் படிக்கும் மாவட்டம் நம்முடையது. அத்தகைய பிள்ளைகள் இருவர் ஒரு திரையின் முன் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து உட்கார்வதற்குப் பொதுமொழி எதுவும் தேவைப்படவில்லை. இதனைப் பெரிய ஒற்றுமை என்று நாம் மிகைப்படுத்தமாட்டோம். சிறியது என்று ஒதுக்கவும் மாட்டோம்.

ஆயினும் நகலின் எல்லையையும் உணர வேண்டும். யப்பானின் மூல ஃபமிக்கொமில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. முதலாவதில் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் உண்டு. இரண்டாவதில் அது இல்லை. இரண்டாம் ஆட்டக்காரன் ஆடலாம், தொடங்க இயலாது. மூன்றாம் உலகத்துக்குக் கிடைத்ததும் அந்த இரண்டாம் கைப்பிடியே. பூட்டு உடைந்தது, ஆடும் உரிமை மலிந்தது, ஆக்கும் ஆற்றல் வந்து சேரவில்லை.

வந்திருக்க முடியாதா? முடியும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1984ஆம் ஆண்டில் நின்டெண்டோவே ஃபமிக்கொமுக்கு ஒரு விசைப்பலகையை விற்று, பேசிக் என்னும் நிரல்மொழியில் பிள்ளைகள் தாமே ஆட்டம் எழுத வழி செய்தது. 1990களில் சீனாவின் சுபோர் நிறுவனம் தன் நகற்பெட்டியோடு விசைப்பலகையை இணைத்து, அதனைக் 'கற்றற் பொறி' என்று விற்றது. தட்டச்சும் நிரலும் கற்பிக்கும் கசெட்டுகள் அதற்கு இருந்தன. பெற்றோரைக் கவரும் வியாபாரத் தந்திரம் அதில் இருந்தது என்பது உண்மையே. எனினும், அதே சில்லு, அதே திரை. ஒரு விசைப்பலகை சேர்ந்தவுடன் ஆடுகருவி ஆக்குகருவியாகிவிடுகிறது. சமுதாயம் அதனோடு எதைச் சேர்த்துக் கொடுக்கிறது என்பதிலேதான் கருவியின் குணம் தங்கியுள்ளது.

* * *

நகற்பெட்டியின் காலம் இப்போது முடிந்துவிட்டது எனலாம். பூட்டு முன்னினும் நுட்பமாயிற்று. விலை முன்னினும் உயர்ந்தது. 2020 நவம்பரில் சோனி கம்பனியின் 'பிளேஸ்டேஷன் 5' 499 டொலருக்கு வெளிவந்தது. 2021 மார்ச்சில் நம் தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. அன்று டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபா. சுங்கத் தீர்வையையும் வியாபாரியின் இலாபத்தையும் சேர்க்காமலே அப்பெட்டிக்கு ஒரு தொழிலாளி நூறு நாள் கொழுந்து பறிக்க வேண்டும். மணிக்கு 7.25 டொலர் என்ற ஆகக்குறைந்த கூலி பெறும் அமெரிக்கத் தொழிலாளிக்கோ ஒன்பது நாளைய வேலை போதும். இந்த வேறுபாட்டை விளக்காத பொருளியற் பாடம் நம் மாணவருக்கு என்ன பயன் தரும்?

பெட்டியைச் செய்பவரின் நிலையையும் மறத்தலாகாது. 2012 சனவரியில் சீனாவின் வூஹான் நகரில், மைக்ரோசொஃப்ற் கம்பனியின் 'எக்ஸ்பொக்ஸ்' பெட்டியைப் பொருத்திய ஃபொக்ஸ்கொன் தொழிலாளர் பலர் ஆலைக் கூரை மீதேறி, தம் கோரிக்கைகள் ஏற்கப்படாவிடின் குதித்து உயிர் விடுவதாக நின்றனர். ஷிப்றொக்கிலிருந்து வூஹான் வரை நிலம் மாறியது, இனம் மாறியது, உறவு மாறவில்லை.

இன்று பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பெருமளவு பிடித்துவிட்டது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசி வழியே நடந்தபோது, கருவியும் இணைய இணைப்பும் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் பின்தங்கினர். அதே தொலைபேசி கிடைத்த பிள்ளையின் கையில் முதலில் நிறைந்தது விளையாட்டு. பிள்ளையைக் கண்டிப்பதால் இது தீராது. பிள்ளைக்கு எட்டும்படி வைத்தது விளையாட்டைத்தானே!

இருளை மட்டும் கூறி முடிப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. 2023 யூலை 31ஆம் திகதி, கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த சிறு குழுவொன்று 'வெண்பா' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. நின்டெண்டோ, சோனி, மைக்ரோசொஃப்ற் ஆகிய மூன்று கம்பனிகளின் பெட்டிகளிலும் அது வந்தது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாய் கொண்டுவந்த சமையற் குறிப்பேட்டின் எழுத்துகள் சிதைந்துள்ளன. அவற்றை ஊகித்து நிறைவு செய்து இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். இதற்கிடையே மகன் தன் தாய்மொழியை இழந்துகொண்டிருக்கிறான். சுடுவதும் கொல்வதும் இன்றி, அடுப்படியில் ஒரு தாயின் தனிமையைப் பொருளாக்கிய அவ்விளையாட்டு 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. அதை ஆக்கிய குழுவின் பெயர் 'விசை'. விசைப்பலகை கைக்கு வந்த தமிழர் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று. 1983 யூலைக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

ஆனால் அந்த விசை ரொறன்ரோவில் இருக்கிறது. எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் இல்லை. இங்கே அதனைக் கொண்டுவருவது யாருடைய கடமை? 2007இல் வெளியான ஸ்கிராட்ச் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அங்கில்லை. தேவைப்படுபவை பாடசாலைக்கொரு கணினி அறை, அதனைப் பூட்டி வைக்காத அதிபர், தமிழில் விளக்கிச் சொல்லும் ஆசிரியர், இவற்றைக் கேட்டுப் போராடும் பெற்றோர் சங்கமும் தொழிற்சங்கமும். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இக்கோரிக்கையும் சேர வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண்ணின் மகள் ஆட்டத்தை ஆடத் தெரிந்தவளாக மட்டும் வளர்ந்தால், மெல்விரல் வாதத்துக்கு இன்னொரு தலைமுறை கிடைத்துவிடும். அவள் ஆட்டத்தை எழுதத் தெரிந்தவளாக வளர வேண்டும். நம் மாவட்டத்து ஆசிரியரும் மாணவரும் இதனைத் தம் வேலைத்திட்டத்திற் சேர்த்துக்கொள்வார்களாக.